நேற்று தறி மிதித்தீர்களா?

இன்று காலை ஸ்கேன் அறையில் ஊசி போட வந்த பெண், என் கையில் நரம்பைத் தேடிக்கொண்டே வரிசையாகக் கேள்வி கேட்டாள். கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள், சர்க்கரை வியாதி உண்டா, வேறு மாத்திரை ஏதாவது போடுகிறீர்களா, எந்த ஊர். ஆரணி என்றேன். சட்டென்று நிமிர்ந்து பார்த்து, "நேத்து தறி மிதிச்சீங்களாம்மா?" என்று கேட்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முப்பது வருஷமாகப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவள் நான். தறிக் குழிக்குள் ஒரு நாள்கூடக் காலை விட்டதில்லை. கை ஆடியதில் ஊசி நழுவ, அந்தப் பெண்ணுக்குக் கோபம். ஆரணி, சேத்துப்பட்டுப் பக்கம் இருந்து யார் வந்தாலும் இதைக் கேட்டே ஆக வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறார்களாம். ஏன் என்று கேட்டேன். "தெரியலைங்க. நான் வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி யாரோ ஒரு அம்மா பேஜார் பண்ணிட்டாங்களாம்" என்றாள்.

அந்த யாரோ ஒரு அம்மா நீதான். நீ போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. உன்னைத் தெரியாத ஒரு பெண் வாயிலிருந்து நீ வந்து விழுந்தாய்.

ஊசிக்குப் பிறகு ஒரு மணி நேரம் போர்வையைப் போர்த்தி அரை இருட்டில் படுக்க வைத்துவிடுவார்கள் இல்லையா, பேசக் கூடாது, போன் பார்க்கக் கூடாது, கையைக் காலை ஆட்டக் கூடாது என்று. அந்த ஒரு மணி நேரமும் உன்னோடுதான் பேசிக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்காமல். இப்போது வீட்டுக்கு வந்து, அதையெல்லாம் தாளில் எழுதுகிறேன்.

உன்னை முதலில் பார்த்தது வேலூர் பஸ்ஸில். கண்ணமங்கலம் தாண்டும்வரை நாம் ஒருவரை ஒருவர் கவனிக்காத மாதிரி உட்கார்ந்திருந்தோம். உன் மடியிலும் என் மடியிலும் ஒரே ஆஸ்பத்திரியின் பை. அதை நான் கைக்குட்டையால் மூடி வைத்திருந்தேன், பள்ளிக்கூடத்தில் யாருக்கும் அப்போது சொல்லியிருக்கவில்லை. நீ அந்தக் கைக்குட்டையையே சற்று நேரம் பார்த்துவிட்டு, "உங்களுக்கும் அதேவாங்க?" என்றாய். ஆமாம் என்றேன். எந்தப் பக்கம் என்று கேட்டாய். வலது என்றேன். "எனக்கு எடது. நம்ம ரெண்டு பேரையும் சேத்தா ஒரு நல்ல ஆளு தேறும்."

நோய் என்று தெரிந்த பிறகு நான் முதல் தடவையாகச் சிரித்தது அப்போதுதான். பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

'டீச்சருங்க', 'சொல்லுங்க', 'வாங்க' என்றெல்லாம் மரியாதையாகத்தான் பேசிக்கொண்டிருந்தாய். இரண்டு பேருக்கும் முடி கொட்டி, ஒரே வாரத்தில் மொட்டைத் தலையோடு எதிரும் புதிருமாக நின்றோம் பார், அன்றைக்கு 'நீ' என்று ஆரம்பித்தாய். மொட்டைக்கும் மொட்டைக்கும் நடுவில் என்ன மரியாதை என்று நானும் விட்டுவிட்டேன். 'டீச்சர்' மட்டும் கடைசிவரை போகவில்லை.

ஒரு விஷயத்தில் உனக்கு ஆஸ்பத்திரி மேல் தீராத சந்தேகம் இருந்தது. இரண்டு பேருக்கும் ஒரே மார்பகப் புற்றுநோய், ஒரே டாக்டர், ஒரே மருந்துச் சொட்டு. அது முடிந்ததும் எனக்கு மட்டும் தினம் ஒரு சின்ன மாத்திரை, உனக்கோ மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ஊசி, அந்த ஊசி நெஞ்சைக் கெடுக்கிறதா என்று பார்க்க அவ்வப்போது எக்கோ வேறு. நான் டீச்சர் என்பதால் எனக்குச் சலுகை என்று நினைத்தாய். டாக்டரிடமே கேட்டும் விட்டாய்.

அந்த இளம் டாக்டரம்மாவுக்குப் பொறுமை அதிகம். கட்டியிலிருந்து எடுத்த துண்டைச் சாயம் ஏற்றிப் பார்த்தோம், டீச்சருடைய கட்டி உடம்பின் ஹார்மோனைத் தின்று வளர்கிறது, அதனால் ஹார்மோனை அடைக்கிற மாத்திரை. உங்களுடைய கட்டியின் மேல் ஹெர்-2 என்று ஒரு புரதம் அளவுக்கு மீறி இருக்கிறது, அதைப் பிடித்து அமுக்குகிற ஊசி இது, டீச்சருக்குப் போட்டால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று விளக்கினார். நீ கேட்டுவிட்டு வெளியே வந்து, "நூலு பாக்கறதுக்கு ஒண்ணாத்தான் இருக்கும் டீச்சர். கொளுத்தி மோந்து பாத்தாத்தான பட்டா கலப்பான்னு தெரியுது. நம்மளதையும் அப்பிடித்தான் பாத்துக்கிறாங்க" என்றாய். அதன் பிறகு ஒரு நாளும் என் மாத்திரை மேல் நீ கண் வைக்கவில்லை.

ஆனால் உன் நிலைமை என் நிலைமை இல்லை. அது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். எனக்குக் கட்டி மார்போடு நின்றுவிட்டது. உனக்கு முதல் ஸ்கேனிலேயே ஈரலில் புள்ளிகள். அறுவை செய்து எடுக்கிற கட்டம் தாண்டிவிட்டது, ஊசிக்குக் கட்டி அடங்குகிறதா என்று சில மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும் என்று டாக்டர் மறைக்காமல் சொல்லியிருந்தார். அடங்காவிட்டால் என்ன என்று கேட்டாய். பார்க்கலாம் என்றார். அந்தப் 'பார்க்கலாம்' உனக்குப் பிடிக்கவே இல்லை. ஊர் திரும்பும் வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தாய்.

இடையில் ரத்தத்தில் ஒரு மார்க்கர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த எண் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்தது. "உனக்கு பசங்க மார்க்கு ஒசந்தாதான் சந்தோஷம், எனக்கு இது எறங்கினா சந்தோஷம்" என்று என்னைச் சீண்டினாய். டாக்டர் மட்டும் குதிக்கவில்லை. நல்ல அறிகுறிதான், ஆனால் அந்த ஒரு எண்ணை நம்பி முடிவு சொல்ல மாட்டேன், ஸ்கேன் சொல்லட்டும் என்றார். ஆக எல்லாம் அந்த ஸ்கேனில் வந்து நின்றது.

முந்தின வாரம் போனில் கூப்பிட்டு என்னென்ன செய்யக் கூடாது என்று சொன்னார்கள். உன் போனை ஸ்பீக்கரில் போட்டு இரண்டு பேரும் கேட்டோம். காலையில் வெறும் வயிறு. இனிப்பு கிடையாது. முந்தின நாள் ஓடக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, உடற்பயிற்சி எதுவும் கூடாது. "எக்சர்சைஸ் பண்ற மூஞ்சிங்களப் பாரு" என்று நீ என் இடுப்பைக் கிள்ளினாய். நானும் சிரித்தேன். தறி என்பது உட்கார்ந்து செய்கிற வேலை. ஆரணியில் பிறந்த யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். நாளெல்லாம் காலால் மிதித்து, வலது கையால் கயிற்றைச் சுண்டி, இடது கையால் பலகையை அடித்தாலும் அதற்குப் பெயர் உட்கார்ந்திருப்பதுதான்.

ஸ்கேனுக்கு மறுநாள் டாக்டரிடம் போனோம். டாக்டர் திரையைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். உள்ளே செலுத்திய சர்க்கரை மருந்தை எந்த இடம் அதிகம் இழுத்துக்கொள்கிறதோ அந்த இடம் படத்தில் எரியும் என்று சொல்லியிருந்தார்கள். உன் படத்தில் இரண்டு தொடையும் எரிந்துகொண்டிருந்தன. வலது தோள், முன்கை எல்லாம். உடம்பு முழுக்கப் பரவிவிட்டது என்றே நினைத்தேன். உன் கையைப் பிடித்துக்கொண்டேன், உன் கை சாதாரணமாகத்தான் இருந்தது.

டாக்டர் கேட்டார்: "ஜிம்முக்குப் போறீங்களாம்மா?"

நீ என்னைப் பார்த்தாய். நான் உன்னைப் பார்த்தேன். முந்தின நாள், அதற்கு முந்தின நாள் என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டார். ஒன்றுமில்லையே, வீட்டில்தான் இருந்தேன் என்றாய். அப்புறம் பெரிய மனதோடு, "கொஞ்சம் தறியில உக்காந்துகினு இருந்தேன்" என்றாய். எவ்வளவு நேரம்? காலையிலிருந்து விளக்கு வைக்கிற வரை. ஸ்கேன் அன்று விடிகாலையிலும், பஸ்ஸுக்குக் கிளம்பும் வரை.

டாக்டர் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். சிரித்து முடித்தபின் சொன்னது சிரிப்பாக இல்லை. எரிகிறது நோய் இல்லை, உழைத்த தசை. ஆனால் வந்த மருந்தையெல்லாம் தொடையும் தோளுமே இழுத்துக்கொண்டுவிட்டன, மற்ற இடத்துக்குப் போதுமானது போகவில்லை. ஈரலில் புள்ளி தெரியவில்லை என்றால், உண்மையிலேயே இல்லையா, மருந்து எட்டாததால் தெரியவில்லையா என்று அவரால் உறுதியாகச் சொல்ல முடியாது. அடுத்த வாரம் மறுபடி எடுக்க வேண்டும், அதுவரை தறிப் பக்கமே போகக் கூடாது. "உக்காந்து செய்ற வேலைதானங்க அது" என்று நீ அப்போதும் விடவில்லை. அவர், ஒரு நாள் ஆரணிக்கு வந்து அந்த உட்காருகிற வேலையைப் பார்க்கிறேன் என்றார். ஸ்கேன் எடுக்கிறவர்களுக்கும் அன்றே சொல்லி வைத்திருப்பார் போலிருக்கிறது.

திரும்பும்போது பஸ்ஸில் உன்னைத் திட்டினேன். அப்படி என்ன தலை போகிற அவசரம், ஒரு நாள் விட்டால் சேலை ஓடிவிடுமா என்று கேட்டேன். நீ ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே பதில் சொன்னாய்.

"முடிச்சிட்டு வரணும்னு இருந்துச்சி. பாதிச் சேலையத் தறியில வுட்டுட்டு வந்து, இங்க எதுனா சொல்லிட்டாங்கன்னா? அந்தப் பாதிய யாரு நெய்வா? அவரு அதப் பாத்துகினே உக்காந்திருப்பாரு."

உன் வீட்டுக்காரர் பாதிச் சேலையின் முன்னால் உட்கார்ந்திருப்பதை நீ எத்தனை நாளாக மனதில் பார்த்துக்கொண்டிருந்தாயோ. சேலையை முடித்து, அறுத்து, மடித்து வைத்துவிட்டு, வெறும் தறியை விட்டுவிட்டு வந்திருக்கிறாய். வரும்போதே பாதி விடைபெற்றுக்கொண்டு வந்தவள் மாதிரி.

அந்த ஒரு வாரம் முழுக்க நான் செய்தது காவல் வேலை. பள்ளிக்கூடம் விட்டதும் நேரே உன் வீடு. உன் வீட்டுக்காரர் தறியில் நீளவாக்கில் ஓடும் நூலை, அடுத்த பாவைப் பிணைக்க ஆள் கூப்பிடலாமா என்று தினமும் கேட்டார். பழைய பாவின் நுனியோடு புதுப் பாவை இழை இழையாக முடிச்சுப் போட்டுச் சேர்த்தால்தான் அடுத்த சேலை தொடங்கும். வேண்டாம், இருக்கட்டும் என்றாய். மூன்றாம் நாள் ராட்டையில் குறுக்கே ஓடும் ஊடைக்கு நூல் சுற்றப் பார்த்தாய், அதையும் பிடுங்கிப் பரண் மேல் போட்டேன். ஜெயில் வார்டன் என்று எனக்குப் பெயர் வைத்தாய். நாற்காலியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போதே உன் பாதங்கள் தரையில் மாறி மாறி அழுத்திக்கொண்டிருக்கும், உனக்கே தெரியாது. உன் முழங்கால் மேல் கையை வைத்து, காலைச் சும்மா வை என்பேன். கொஞ்ச நேரம் சும்மா இருக்கும்.

மறு ஸ்கேன் முடிந்து டாக்டர் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். தொடை இரண்டும் தூங்குகின்றன என்றார் முதலில். அப்புறம் முதல் ஸ்கேனில் ஈரலில் புள்ளி இருந்த இடங்களை ஒவ்வொன்றாகக் காட்டி, இங்கே இல்லை, இங்கே இல்லை என்று சொல்லிக்கொண்டே போனார். ஊசிக்குக் கட்டி நன்றாக அடங்கியிருக்கிறது, இதையே தொடரலாம், நோய் போய்விட்டது என்று சொல்லவில்லை, ஆனால் உங்களுக்குக் காலம் கிடைத்திருக்கிறது என்றார். நான் அழுதேன். நீ எழுந்து வராந்தாவுக்குப் போய் வீட்டுக்குப் போன் போட்டாய். என்ன சொல்லப் போகிறாய் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தேன்.

"பாவு பிணைக்கிறவருக்குச் சொல்லிடுங்க. நாளைக்கே வரச் சொல்லுங்க."

அவ்வளவுதான். ஸ்கேன் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நீ போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாய், மறுமுனையில் உன் வீட்டுக்காரரும் வைக்கவில்லை.

அடுத்த ஞாயிறு, நான் சர்ச்சுக்குப் போய்விட்டு வந்ததும், படவேட்டுக்கு ரேணுகாம்பாளைப் பார்க்கக் கூட்டிப்போனாய். உனக்காக நான் என் ஆண்டவரிடம் வேண்டியிருந்தேன், எனக்காக நீ அம்மனிடம் வேண்டியிருந்தாய். ரெண்டு ஆபீஸிலும் மனு போட்டிருக்கிறது, யார் பாஸ் பண்ணினார்கள் என்று தெரியாது, இரண்டு இடத்திலும் நன்றி சொல்லிவிடுவோம் என்றாய். திரும்ப பஸ் கிடைக்காமல் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்து பொங்கல் தின்றோம். எதிரே ஜவ்வாது மலை. நீ செருப்பைக் கழற்றிவிட்டு உன் தொடையைத் தட்டித் தட்டிப் பார்த்து, டாக்டரையே பயமுறுத்திய கால் என்று பெருமைப்பட்டாய். அன்றைக்கு நாம் இரண்டு பேரும் சந்தோஷமாக இருந்தோம். அதை எந்த அலங்காரமும் இல்லாமல் அப்படியே எழுதி வைக்க விரும்புகிறேன்.

அதற்குப் பிறகு எத்தனை ஸ்கேன். ஒவ்வொரு தடவையும் மூன்று நாள் முன்பே தறியிலிருந்து எழுந்துவிடுவாய். முதலில் வேறு வழியில்லாமல் பாதியில் நிறுத்தினாய். பிறகு அதுவே உன் வழக்கம் ஆயிற்று. சேலை முடியப் போகிற வாரம் ஸ்கேன் வந்தால், வேண்டுமென்றே மெதுவாக நெய்து முந்தானையை மிச்சம் வைப்பாய். ஒரு நாள் நான் அதைச் சொல்லிக் கேலி செய்தபோது, "முடிச்சிட்டுப் போனா அங்கயே நின்னுபோற மாதிரி இருக்குது டீச்சர். பாதி இருந்தாதான் ஜல்தியா வூட்டுக்கு வரணும்னு தோணுது" என்றாய்.

டாக்டர் சொன்ன காலம் நான் பயந்ததைவிட நீளமாகவே இருந்தது. மகன் வேலைக்குப் போனதைப் பார்த்தாய். வீட்டில் மேல்மாடி போட்டாய். எனக்குத் தலைமுடி வளர்ந்தது சுருட்டையாக, உனக்கு நீட்டமாக, அதற்கும் பொறாமைப்பட்டேன். பிறகு ஒரு ஸ்கேனில் புள்ளிகள் மறுபடி வந்தன. மருந்து மாற்றினார்கள், சில மாதம் கேட்டது, பிறகு கேட்கவில்லை. போன மழைக்காலத்தில் நீ வீட்டில், உன் கட்டிலில், அதிகம் வலியில்லாமல் போனாய். தறியில் ஒரு மயில்கழுத்து நிறச் சேலை பாதியில் இருந்தது.

காரியம் எல்லாம் முடிந்தபின் ஒரு நாள் உன் வீட்டுக்குப் போனேன். நீ பயந்த மாதிரி அவர் அதன் முன்னால் உட்கார்ந்துதான் இருந்தார். ஆனால் நெய்துகொண்டிருந்தார். நான் ஒரு ஓரமாக நின்று பார்த்தேன். சேலை முடிந்ததும் வைத்துக்கொள்வார் என்று நினைத்தேன், முதலாளியிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை, அதை நானாவது வாங்கியிருப்பேனே என்றேன். "வூட்ல வெக்கறதுக்கா நெய்தா? யாராவது கட்டிக்கட்டும் டீச்சர்" என்றார். யோசித்துப் பார்த்தால் அதுவும் நீ சொல்கிற மாதிரிதான் இருந்தது. எங்கோ ஒரு கல்யாணத்தில் யாரோ ஒருத்தி அதைக் கட்டிக்கொண்டு பந்தியில் பாயசம் கேட்டிருப்பாள்.

இப்போது என் சங்கதி. கொஞ்ச நாளாக இடுப்பு எலும்பில் வலி. வயசு என்று நான் சொல்கிறேன், பார்த்துவிடுவோம் என்று டாக்டர் சொல்கிறார். அதற்குத்தான் இன்றைய ஸ்கேன். முடிவு வெள்ளிக்கிழமை தெரியும். பயம் இல்லை என்று உன்னிடம் பொய் சொல்ல முடியாது, இருக்கிறது. ஆனால் காலையில் கிளம்பும்போது உளுந்தை ஊறப் போட்டுவிட்டுத்தான் கிளம்பினேன். சாயங்காலம் வந்து அரைத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் வீணாகிவிடும். கிரைண்டர் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது.

காலையில் அந்த ஒரு மணி நேரம் முடிந்து ஸ்கேனுக்குக் காத்திருந்தபோது, எனக்கு முன்னால் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். சேத்துப்பட்டுக்காரி, நம் வயசுதான் இருக்கும், துணைக்கு யாரும் இல்லை. மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கிற முதல் ஸ்கேனாம். உன்னுடைய அந்த ஸ்கேன் மாதிரியே. தறி மிதித்தாயா என்று அவளையும் கேட்டிருக்கிறார்கள், நிலத்து வேலைதான், அதையும் நிறுத்திவிட்டேன் என்றாள். நான் கேட்காமலே சொன்னாள், வீட்டைக் கழுவித் துடைத்தாயிற்று, மாட்டை அக்கா வீட்டில் கட்டியாயிற்று, நகையை எந்தப் பெட்டியில் வைத்திருக்கிறேன் என்று மகளிடம் சொல்லியாயிற்று, ஒரு வேலை பாக்கி வைக்கவில்லை என்று.

உன்னைக் கேட்காமல் உன் வார்த்தையை எடுத்துக்கொண்டேன். அப்படி எல்லாவற்றையும் முடித்துவிட்டு வரக் கூடாதும்மா, ஏதாவது ஒன்றைப் பாதியில் விட்டுவிட்டுத்தான் வர வேண்டும் என்றேன். அவள் பயந்துபோனாள், ஏதோ சாங்கியத்தில் தப்பு செய்துவிட்ட மாதிரி. அவளை உள்ளே கூப்பிட்டார்கள். எழுந்து கதவு வரைக்கும் போனவள், திரும்பி என்னிடம் வந்தாள்.

"ஒரு பக்கெட் துணி ஊற வெச்சிட்டு வந்துட்டேங்க. அலசல. அது போதுமா?"

போதும், தாராளமாகப் போதும் என்றேன்.